கண்காணிப்பக அலமாரி

துணியறையின் கடைக்கோடியில், ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே, பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி ஒன்று நின்றது. அந்த முதியோர் இல்லத்தில் எல்லோரும் அதைக் கண்காணிப்பக அலமாரி என்றுதான் சொல்வார்கள். உள்ளே தடித்த வெள்ளை பெட்ஷீட்டுகள், பஞ்சு போன்ற துண்டுகள், வழுக்காத மிதியடிகள், உறை பிரிக்காத சோப்புகள். கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் பேட்டரிகள். சாவி துணியறை அக்காவின் கழுத்தில், அடையாள அட்டை தொங்கும் அதே நாடாவில் கிடந்தது.

கண்காணிப்பகம் என்றால் வெளியுலகத்தில் ஒரே பொருள்தான். நூலகத்தில் நூல் இருப்பதுபோல, மருந்தகத்தில் மருந்து இருப்பதுபோல, கண்காணிப்பகத்தில் கண்காணிக்கிறவர்கள் இருப்பார்கள். முதியோர் இல்லங்களில் படுக்கை சுத்தமாக இருக்கிறதா, சாப்பாடு வாயில் வைக்கும்படி இருக்கிறதா, விழுந்தால் தூக்க ஆள் வருகிறதா என்று பார்த்துத் தரம் எழுதிக் கொடுப்பதற்காக அரசாங்கம் வைத்திருக்கும் அலுவலகம் அது. வருகிறவர் ஒருவரோ இருவரோ, யார் வந்தாலும் அவரைப் பெயர் சொல்லிச் சொல்வதில்லை. கண்காணிப்பகம் வந்தது, கண்காணிப்பகம் கேட்டது, கண்காணிப்பகம் டீ குடிக்கவில்லை என்றுதான் பேச்சு.

இல்லத்துக்குள் அந்தச் சொல் வேறு வேலையும் பார்த்தது. காய்கறி கண்ணில் படுகிற சூப்புக்குக் கண்காணிப்பக சூப் என்று பெயர். மேலாளர் வாசலில் நின்று இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு சிரிப்பது கண்காணிப்பகச் சிரிப்பு. படியில் கைப்பிடியைத் துடைத்து எண்ணெய் போடுகிறவரைப் பார்த்து, "என்னங்க, கண்காணிப்பகத் துடைப்பா?" என்று சமையல்காரர் கேட்பார். துணியறை அக்காவின் வீட்டுக்குக்கூட அது போய்ச் சேர்ந்திருந்தது. சொந்தக்காரர்கள் வரும் நாளில் அவள் மகள் அவளை ஏற இறங்கப் பார்த்து, "அம்மா, இது கண்காணிப்பக முகமா, நெஜ முகமா?" என்பாள்.

வருகிற வாரம் வருகிறோம் என்று கண்காணிப்பகத்திலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை கடிதம் வரும். சொல்லாமல் கொள்ளாமல் வருவது மரியாதையில்லை என்று மேலே யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். கடிதம் வந்ததும் துணியறை அக்கா அலமாரியைத் திறப்பாள். வருகைக்கு முந்தின நாள் எல்லாக் கட்டில்களிலும் வெள்ளை பெட்ஷீட் விரியும். குளியலறைகளில் மிதியடி விழும். கடைசியாக, கட்டிலுக்குக் கட்டில், குளியலறைக்குக் குளியலறை, சுவரில் ஒட்டியிருக்கும் அழைப்பு மணிகளின் மூடியைத் தன் ஹேர்பின்னால் நெம்பித் திறந்து பேட்டரி போடுவாள். கண்காணிப்பகம் வந்து, பார்த்து, அழுத்தி, முதல் தரம் என்று எழுதிவிட்டுப் போகும். மறுநாள் அதே ஹேர்பின்னால் பேட்டரிகள் வெளியே வரும். பெட்ஷீட்டுகள் சலவையாகி, காய்ந்து, மடிந்து அலமாரிக்குத் திரும்பும்.

இதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. மணிகள் புதிதாக வந்த காலத்தில் அவை வாயை மூடவேயில்லை. ஒருவர் தண்ணீருக்கு அழுத்துவார், ஒருவர் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அழுத்துவார், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பதற்காகவே ஒருவர் அழுத்துவார். மாடிக்கு இரண்டே பணியாளர்கள். அவர்கள் ஓடிக் களைத்து முனகியபோது, அப்போதிருந்த மேலாளர், "பேட்டரியை எடுத்து வைங்க, வீணாப் போகுது. அவசரம்னா கூப்பிட வாய் இருக்குல்ல," என்றார். எடுத்து வைத்தாள். அந்த மேலாளர் போய்விட்டார், வழக்கம் தங்கிவிட்டது.

எடுத்து வைப்பது அவளுக்குக் கூடவே பிறந்த குணம். முன்பு ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். நீராவி இஸ்திரி சுட்ட தழும்பு இடது முழங்கைக்குக் கீழே இன்னும் பளபளக்கும். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருப்பவரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு மறுவாரமே அவர் கறுப்பு கிரீஸ் படிந்த சட்டையோடு அவளுடைய புது தலையணையில் சாய, அன்று ஆரம்பித்த சண்டை இன்றுவரை ஓயவில்லை. நல்ல துணி என்றால் அவளுக்கு அது பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உபயோகித்தால் கறைபடும், கறைபட்டால் வெளுக்க வேண்டும், வெளுத்தால் நையும். அலமாரிக்குள் இருக்கிற வரை வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். அவள் மடித்த பெட்ஷீட்டை இரண்டு முனைகளைப் பிடித்து ஒரு உதறு உதறினால் போதும், கட்டிலின் நான்கு மூலைக்கும் தானாகப் போய் உட்காரும். அந்த உதறலைப் பார்க்கவே மற்றவர்கள் வந்து நிற்பதுண்டு.

ஒருநாள் காலை, கை நிறைய அன்றாட பெட்ஷீட்டுகளோடு அவள் வராந்தாவில் வந்துகொண்டிருந்தாள். அன்றாட பெட்ஷீட் என்றால், பிடித்துப் பார்த்தால் எதிரே ஆள் நிற்பது தெரியும். எதிரே மேலாளர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய முகத்தில் ரத்தமே இல்லை. பின்னால் உயரமான ஒரு பெண்மணி, ஊன்றுகோலுடன்.

அந்தப் பெண்மணி நின்றார். கையை நீட்டி, துணியறை அக்காவின் கையிலிருந்த மேல் விரிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

முகத்தைத் துணியறை அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை, முடி முழுக்க வெளுத்திருந்தது. அந்த விரல்களை அடையாளம் தெரிந்தது. வருஷா வருஷம் வந்து, அதே இரண்டு விரல்களால் கண்காணிப்பக பெட்ஷீட்டைத் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டியவர் இவர்தான். கண்காணிப்பகத்தின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் மேடம் என்று சொல்லும் மேடம்.

"இது என்ன, தரை துடைக்கிறதுக்கா?" என்று மேடம் கேட்டார்.

"ஆமாங்க மேடம்," என்றாள் துணியறை அக்கா.

"ரொம்ப நேர்த்தியா மடிச்சிருக்கீங்க, தரைத் துணியைக்கூட." மேடம் மேலாளர் பக்கம் திரும்பினார். "இதுக்காகத்தான் தம்பி இங்கயே வந்தேன். முட்டி போச்சு, தனியா இருக்க முடியலை. எங்க போறதுன்னு நான் யோசிக்கவே இல்லை. எனக்குத் தெரியாத இல்லமா? ஊருக்கே தரம் போட்டவ நான்தானே."

மேலாளர் கண்காணிப்பகச் சிரிப்பு சிரித்தார். அது பாதியிலேயே நின்றுவிட்டது.

அரைமணி நேரத்துக்குள் சமையலறையில் கூட்டம். மேலாளர், சமையல்காரர், துணியறை அக்கா.

"ஆறாம் ரூம்ல ஒரு கட்டில் காலி, அங்கதான் போட்டிருக்கேன்," என்றார் மேலாளர். "அக்கா, அவங்க கட்டிலுக்கு அலமாரி பெட்ஷீட் போட்டுடுங்க. தலைமாட்டு பெல்லுக்கு பேட்டரி. அண்ணே, அவங்க சூப்புல காய் இருக்கணும்."

"ஒரே பானைங்க," என்றார் சமையல்காரர். "ஒருத்தர் கிண்ணத்துக்கு மட்டும் காய் எப்படிப் போகும்? நீந்திப் போகுமா?"

"கொஞ்ச நாளைக்குங்க."

"கொஞ்ச நாளா? ஐயா, இதுவரைக்கும் கண்காணிப்பகம் வந்துட்டுப் போச்சு. இப்ப குடி வந்திருக்கு."

துணியறை அக்கா சிரிக்கவில்லை. அவள் அலமாரியைத் திறந்து ஒரே ஒரு பெட்ஷீட்டை எடுத்தாள். கடிதம் வராமல் அந்தப் பூட்டைத் திறந்தது அதுதான் முதல்தடவை.

ஆறாம் அறையில் இன்னொரு கட்டிலில் இருந்தவரை டெலிபோன் அம்மா என்று கூப்பிடுவார்கள். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக் கொடுத்தே வயதானவர். யாரிடம் பேச ஆரம்பித்தாலும் ஹலோ என்றுதான் ஆரம்பிப்பார். பேச்சின் நடுவில் மாத்திரை விழுங்க வேண்டியிருந்தால், "லைன்ல இருங்க," என்று சொல்லிவிட்டு விழுங்குவார்.

மேடம் வந்த மறுவாரம், துணியறை அக்கா அந்த அறையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். மேடத்தின் கட்டிலில் தடித்த வெள்ளை, டெலிபோன் அம்மாவின் கட்டிலில் கண்ணாடித் துணி.

"ஏங்க, இவங்களுக்கு ஏன் இப்படி ஒண்ணு?" என்றார் மேடம். "கிழிஞ்சிருக்கு பாருங்க."

துணியறை அக்கா வாயைத் திறப்பதற்குள் டெலிபோன் அம்மா, "ஹலோ, எனக்கு இது போதும்மா," என்றார். "உங்களுது கண்காணிப்பக பெட்ஷீட். அதெல்லாம் எங்களுக்கு வராது."

"என்ன பெட்ஷீட்?"

"கண்காணிப்பக பெட்ஷீட்."

அந்தச் சொல்லைத் தன் கடிதத் தாள்களின் தலைப்பில் வேலைக்காலம் முழுவதும் பார்த்தவர் மேடம். அந்தச் சொல்லின் அடியில்தான் கையெழுத்துப் போட்டவர். இப்போது, தெரியாத ஊரில் வழி கேட்கிறவரைப்போல, "அப்படின்னா என்னங்க?" என்று கேட்டார்.

"அப்படின்னா நல்லதுன்னு அர்த்தம்," என்றார் டெலிபோன் அம்மா. யோசித்து, சேர்த்துக்கொண்டார். "நல்லது, ஆனா நமக்கில்லை. வரும், போயிடும். கண்காணிப்பக சோப்பு இருக்கே, வாசனை அவ்வளவு நல்லா இருக்கும். நான் அதை மோந்து பார்த்துட்டு வச்சுடுவேன், கை கழுவ மாட்டேன். எப்படியும் மறுநாள் எடுத்துடுவாங்க. லைன்ல இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்."

துணியறை அக்கா தலையணை உறையை மாட்டிக்கொண்டிருந்தாள். உறை உள்ளேயே போக மறுத்தது. நிமிர்ந்தபோது மேடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் என்றால் அவள் தாங்கியிருப்பாள். அந்தக் கண்களில் கோபம் இல்லை. பூட்டிய வீட்டுக்குத் திரும்பி வந்து, கதவு திறந்து கிடப்பதைப் பார்க்கிறவரின் கண்கள் அவை.

"வராந்தாவில நீங்க கையில வச்சிருந்தது," என்றார் மேடம் மெதுவாக. "தரைத் துணி இல்லை, இல்லையா?"

"இல்லைங்க மேடம்."

"பெல்லு?"

துணியறை அக்கா தலையணையை மறுபடி கையில் எடுத்தாள்.

"நான் அழுத்திப் பார்த்த பெல்லெல்லாம்?" மேடத்தின் குரல் இறங்கியிருந்தது. "ஒவ்வொரு ரூமாப் போய் நானே அழுத்தினேன். அதுவுமா?"

வேலை, மகளின் படிப்பு, மெக்கானிக்கின் முதுகுவலி எல்லாம் ஒரே நொடியில் அவள் மனதில் வந்து நின்றன. "பெல்லெல்லாம் அடிக்கும் மேடம்," என்றாள்.

மேடம் மூச்சை விட்டார். "அது போதும். துணி எப்படியோ போகட்டும்."

அன்று துணியறை அக்கா சாப்பிடப் போகவில்லை. நேராக மேலாளரிடம் போனாள்.

"தம்பி, பாத்ரூம் பெல்லுக்காவது பேட்டரி போட்டுடறேன். மேடம் கோலை ஊனிக்கிட்டுத்தான் போறாங்க."

"ஒண்ணுக்குப் போட்டா எல்லாத்துக்கும் போடணும்க்கா. அப்புறம் பழையபடி நாள் முழுக்க அடிச்சுத் தள்ளுவாங்க, ஆளுக்கு நான் எங்க போக? கண்காணிப்பகத்துக் கடிதம் எப்படியும் சீக்கிரம் வந்துடும். அப்பப் போடுவோம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் என்ன? இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே."

சாவி அவள் கழுத்தில்தான் கிடந்தது. யாரையும் கேட்காமல் போய்த் திறந்திருக்கலாம். கடிதம் வரட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

கடிதம் வருவதற்குள் அந்தப் பிற்பகல் வந்துவிட்டது. பணியாளர்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரம். துணியறை அக்கா சலவை எந்திரத்தின் முன்னால் நின்றிருந்தாள். எந்த அறையில் மணி அழுத்துகிறார்கள் என்று காட்டும் வராந்தாப் பலகையில் ஆறாம் அறையின் விளக்கு எரிந்து மணி அடித்தது. மேடத்துக்கு டீ வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, கையிலிருந்த துண்டை மடித்து முடித்துவிட்டுத்தான் நடந்தாள்.

அறையில் மேடம் இல்லை. மேடத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு, டெலிபோன் அம்மா நின்றார். தன் கட்டிலிலிருந்து ஆள் துணையில்லாமல் இறங்காதவர். கட்டைவிரல் மேடத்தின் மணிமேல் அழுந்தி வெளுத்திருந்தது.

"பாத்ரூம்ல," என்றார். இந்தமுறை ஹலோ இல்லை. "விழுந்த சத்தம் கேட்டுது. கத்தினேன், யாரும் வரலை. என் பெல்லை அழுத்து அழுத்துன்னு அழுத்தினேன். அப்புறம்தான் இது ஞாபகம் வந்துது. இது கண்காணிப்பக பெல் ஆச்சே, இது அடிக்குமேன்னு இறங்கி வந்தேன்."

குளியலறைக் கதவைத் தள்ளினால் பாதிதான் திறந்தது. மேடம் ஈரத் தரையில், சுவரோடு சுவராக, ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தார். வலது கையைத் தூக்கிச் சுவரில் இருந்த மணியை அழுத்திக்கொண்டே இருந்தார். உள்ளே ஆள் வந்த பிறகும் விரல் நிற்கவில்லை. அழுத்தினார், விட்டார், அழுத்தினார்.

"அடிக்கலையே," என்றார். வலியில் முனகுகிற குரலே இல்லை அது. நம்ப முடியாத ஒன்றைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற குரல். "நான் செக் பண்ணினேனே. அடிச்சுதே."

துணியறை அக்கா மண்டியிட்டாள். கையில் இருந்த துண்டை மேடத்தின் தலைக்கடியில் வைத்தாள். மேடத்தின் விரலை மணியிலிருந்து எடுக்க முயன்றாள், வரவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்து போனது. இடுப்பெலும்பு முறிந்திருக்கும் என்று தூக்கிப் போனவர்கள் சொன்னார்கள். வண்டி வாசலைத் தாண்டியதும் துணியறை அக்கா நேராகத் துணியறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். யாரையும் கேட்கவில்லை. ஆறாம் அறைக் குளியலறையில் ஆரம்பித்து, கட்டிலுக்குக் கட்டில், மாடிக்கு மாடி, ஹேர்பின்னால் மூடியை நெம்பி நெம்பிப் போட்டுக்கொண்டே போனாள். பாதி வழியில் ஹேர்பின் வளைந்துவிட்டது. நகத்தால் நெம்பினாள். ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தாள். கட்டிடம் முழுக்க மணிச் சத்தம்.

மேலாளர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். தடுக்க வருகிறார் என்று நினைத்தாள். இந்தமுறை அவர் சொல்வதைக் கேட்பதாக இல்லை.

"நல்ல வேலை செஞ்சீங்கக்கா," என்றார் மேலாளர். "நானே சொல்ல வந்தேன். விசாரணைக்கு ஆள் அனுப்புறாங்களாம். அலமாரி பெட்ஷீட்டையும் எல்லாக் கட்டிலுக்கும் போட்டுடுங்க. மிதியடியையும்."

அவள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். பாவத்தைக் கழுவுகிறோம் என்று நினைத்துத் தன் கையாலேயே தடயத்தை அல்லவா துடைத்துக்கொண்டிருந்தாள். இனி யார் வந்து எந்த மணியை அழுத்தினாலும் அடிக்கும். அடிக்காமல் கிடந்தது என்று சொல்ல, இனி அவளுடைய வாய் ஒன்றுதான் மிச்சம்.

அதைச் சொல்லிவிடுவது என்று அன்றே முடிவு செய்தாள். வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னாள்.

"வேலை போயிடும்," என்றார் அவர், கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடியே.

"போகும்."

"போனா பரவாயில்லை. வீட்ல இருந்து என் சட்டையைத் திட்டு."

மேடம் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகுதான் விசாரணைக்கு ஆள் வந்தார். கண்காணிப்பகத்திலிருந்து ஓர் இளம் ஆய்வாளர். ஆறாம் அறையில் மேடத்தின் கட்டில் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எதிரில் மேலாளர். வாசலோரமாகத் துணியறை அக்கா, கையில் ஒரு துண்டு, நெஞ்சுக்குள் ஒத்திகை பார்த்து வைத்த வாக்கியங்கள்.

"நீங்க எனக்கு ட்ரெய்னிங் கொடுத்திருக்கீங்க மேடம்," என்றார் ஆய்வாளர். "பார்த்ததை மட்டும் எழுது, சொன்னதை எழுதாதேன்னு சொல்லுவீங்க."

மேடம் லேசாகத் தலையசைத்தார். உடம்பு பாதியாகியிருந்தது.

"வந்ததுமே எல்லா பெல்லையும் அழுத்திப் பார்த்துட்டேன் மேடம். எல்லாம் அடிக்குது. அன்னைக்கு என்ன ஆச்சு? பாத்ரூம்ல பெல் அழுத்தினீங்களா?"

துணியறை அக்கா துண்டை இறுக்கிப் பிடித்தாள். மேடம் அடிக்கவில்லை என்று சொல்வார். மேலாளர் மறுப்பார். அப்போது தான் ஒரு அடி முன்னால் வைக்க வேண்டும். கால் தயாராக இருந்தது.

"அழுத்தலை," என்றார் மேடம்.

ஆய்வாளரின் பேனா தாளில் ஓட ஆரம்பித்தது.

"விழுந்த அதிர்ச்சியில எனக்குத் தோணவே இல்லை. அழுத்தியிருந்தா அடிச்சிருக்கும். இங்க பெல்லெல்லாம் எப்பவும் சரியா இருக்கும். நானே எத்தனையோ வருஷம் பார்த்திருக்கேன்."

துணியறை அக்காவுக்குத் தலையில் யாரோ தட்டியதுபோல இருந்தது. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தவள் அவள். மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். மேடம் அவள் பக்கம் திரும்பவில்லை, விரிப்பின் ஓரத்தை இரண்டு விரல்களால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மணி அடிக்கவில்லை என்று சொன்னால், அத்தனை வருஷம் போட்ட கையெழுத்துகளும் அடிக்காமல் போய்விடும். இடுப்பு உடைந்ததை மேடத்தால் தாங்க முடிந்தது. அதைத் தாங்க முடியவில்லை.

அடுத்த கணம் அவளுக்குள் ஏதோ தளர்ந்து இறங்கியது. வேலை போகாது. யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. கையில் இருந்த துண்டை மடிக்க ஆரம்பித்திருந்தாள், தனக்கே தெரியாமல்.

ஆய்வாளர் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். மரியாதைக்காகப் பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பி, "நீங்க நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார்.

"ஹலோ. நல்லா இருக்கேன் தம்பி. அன்னைக்கு நான்தான் பெல் அடிச்சேன். என்னோடது இல்லை, அவங்களோடது. அது கண்காணிப்பக பெல், அதான் அடிச்சுது."

ஆய்வாளருக்கு முகம் மலர்ந்தது. "எங்க பேரையா வச்சிருக்கீங்க? கண்காணிப்பக பெல்லுன்னா என்னம்மா?"

மேலாளர் எழுந்து, "சார், டீ ஆறிடும்," என்றார்.

டெலிபோன் அம்மா பதில் சொல்லவில்லை. துணியறை அக்காவைக் கையால் காட்டி, "லைன் குடுத்துட்டேன். அவங்க பேசுவாங்க," என்றார்.

மேடத்தின் விரல்கள் நின்றன.

ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட துணியறை அக்காவுக்கு நினைவு வரவில்லை. "நீங்க வர்றப்ப மட்டும் இருக்கறதுன்னு அர்த்தம் சார்," என்றாள். "இந்தம்மா படுத்திருக்காங்களே, அந்த பெட்ஷீட், அதுவும்தான். அன்னைக்கு இந்த ரூம்ல ஒரு பெல்லுக்குத்தான் பேட்டரி இருந்துது. மிச்சது எல்லாம் அலமாரியில. எடுத்தது நான். வருஷா வருஷம் போட்டது நான், எடுத்ததும் நான். மேடம் அழுத்தினாங்க. நான் போனப்பவும் அழுத்திக்கிட்டேதான் இருந்தாங்க."

ஆய்வாளர் அந்த விரிப்பின் ஓரத்தைப் பார்த்தார், சுவரில் இருந்த மணியைப் பார்த்தார், கடைசியில், "மேடம்?" என்றார், பள்ளிக்கூடத்துப் பையனைப்போல.

மேடம் கண்களை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தார்கள்.

"அவங்க சொன்னதை எழுதுங்க," என்றார் பிறகு. "அவங்க வார்த்தையிலயே எழுதுங்க. நான் சொன்னதை அடிச்சிடுங்க."

இல்லத்தின் தரம் இறங்கியது. மேலாளர் மாற்றப்பட்டார். கூடுதலாகப் பணியாளர்கள் வந்தார்கள். துணியறை அக்காவை எச்சரித்து ஒரு கடிதம் கொடுத்து, அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டு, வேலையில் வைத்துக்கொண்டார்கள். வேலை போகும் என்று மனதைத் தயார் செய்திருந்த கணவர், "அப்ப என் சட்டைக்கு விடிவே இல்லையா?" என்றார். அலமாரியில் இப்போது துடைப்பம் வைத்திருக்கிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை.

வெள்ளை பெட்ஷீட்டுகள் எல்லாக் கட்டில்களிலும் கிடந்து, கறைபட்டு, வெளுத்து, நைய ஆரம்பித்துவிட்டன. மேடம் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்து, "நைஞ்சு போச்சு," என்பார். "போகட்டும் மேடம்," என்பாள் அவள். அந்தப் பிற்பகலைப் பற்றியோ விசாரணை நாளைப் பற்றியோ இருவரும் பேசிக்கொண்டதில்லை.

ஆனால் மேடம் பொய் சொன்ன அந்த ஒரு கணத்தில் தனக்கு வந்த நிம்மதியை அவள் மறக்கவில்லை. அது எவ்வளவு சுலபமாக வந்தது, கை எப்படித் தானாகத் துண்டை மடித்தது என்பதை நினைத்தால், வேலை செய்துகொண்டிருக்கும்போதே உடம்பு ஒருமுறை தூக்கிப் போடும்.

மணி அடிக்கிறபோதும் அப்படித்தான். நாள் முழுக்க அடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு, கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, ஓடுகிறாள்.

"ஹலோ," என்கிறார் டெலிபோன் அம்மா, கட்டைவிரலை மணிமேலிருந்து எடுக்காமலே. "ஒண்ணுமில்லை. அடிக்குதான்னு பார்த்தேன்."